எந்தப் பிள்ளைக்கு எந்த நூல்?

சிறுவர் நூல் வரலாற்றில் ஒரு பார்வை

நூலகவியல் அறிஞர் சீர்காழி இரா. அரங்கநாதன் 1931-ஆம் ஆண்டில் நூலகத்திற்கு ஐந்து விதிகளை வகுத்தளித்தார். படிப்பவர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிட்டவேண்டும் என்பதும், நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் வாய்க்கவேண்டும் என்பதும் அவற்றுள் இரண்டாம். பெரியோர்க்குப் பொருந்தும் இவ்விதிகளைப் பிள்ளைகள் திறத்தில் நாம் மறந்துவிடுகிறோம். 'என் பிள்ளைக்கு என்ன நூல் வாங்கலாம்?' என்று பெற்றோர் வினவும்போது, வயதைக்கூடக் கேளாமல், நாம் சிறுவயதில் படித்த நூலின் பெயரையோ நம் உறுப்பினர் எழுதிய நூலின் பெயரையோ சொல்லி அனுப்பிவிடுகிறோம். நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், தமிழில் சிறுவர் நூல்கள் வளர்ந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது நம் தவற்றைத் திருத்திக்கொள்ள உதவும்.

பாட்டு வந்த வழி

திண்ணைப் பள்ளிக் காலத்தில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பிள்ளைகளின் நூல்கள். அவை மனப்பாடத்திற்கு உரியனவாய், அறம் உரைப்பனவாய் விளங்கின. 1915-இல் வெளிவந்த பாரதியாரின் பாப்பாப் பாட்டு குழந்தையை அன்போடு அருகழைத்தது. எனினும் அங்கும் அறிவுரை கூறும் பெரியவரின் குரலே ஒலிக்கிறது. கவிமணியின் 'குழந்தைச் செல்வம்', அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' ஆகியனவும் வெளிவந்தன. வங்கியில் பணியாற்றிய வள்ளியப்பா, குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950-இல் தோன்ற முன்னின்றவர். அவர் பாட்டில் குழந்தையே பேசிற்று, விளையாடிற்று. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குத் தமிழ் குறைவைக்கவில்லை என்று துணிந்து கூறலாம்.

அறிவு நூல்களின் வரவு

கதையில் மனம் செல்லாத பிள்ளைகளும் உண்டு. கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கும் சிறுவனுக்கு அரசகுமாரன் கதை எதற்கு? அத்தகையோர்க்காகவே உழைத்தவர் பெ. நா. அப்புஸ்வாமி. வழக்கறிஞரான அவர் அறிவியலை எளிய தமிழில் எழுதிக் குவித்தார். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதன் தலைமைப் பதிப்பாசிரியர் பெ. தூரன், கவிஞர், இசைப்பாடல்கள் இயற்றியவர். கவிதைக்கும் அறிவு நூலுக்கும் பகை இல்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. சோவியத் நாட்டிலிருந்து வந்த யா. பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' போன்ற மொழிபெயர்ப்புகளும் ஒரு தலைமுறையின் சிந்தனையைத் தூண்டின.

நடுவில் ஒரு பள்ளம்

இனி நம் குறையைக் காண்போம். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்த பிள்ளை, அடுத்துக் கையில் எடுத்தது பெரும்பாலும் கல்கியின் தொடர்கதைகளையே. 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' பெரியோர்க்கென எழுதப்பெற்றது. வாண்டுமாமா போன்றோர் வீரதீரக் கதைகளால் இடையில் பாலம் அமைத்தனர். ஆயினும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எழும் அச்சம், நட்பு, உடல் மாற்றம், வீட்டில் சொல்ல இயலாத துயரம் ஆகியவற்றைத் தொட்ட நூல்கள் மிகச் சிலவே.

ஒரு கூட்டத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு 'மலரும் உள்ள'த்தைக் கொடுத்தேன். அடுத்த மாதம் அதைத் திருப்பித் தந்து, "இது என் தம்பிக்கு நல்லா இருக்கும், ஐயா" என்றாள். நூலில் குறையில்லை, கொடுத்தவன் நான்தான் அவளை யாரென்று கேட்டறியவில்லை.

இப்பள்ளம் இன்று மெல்ல நிரம்பி வருகிறது. சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய விருதுகளே இதனைக் காட்டும். 2014-இல் விருது பெற்ற இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' கதையையும் அறிவியலையும் இணைக்கிறது. 2020-இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', குழந்தைகள்மீது நிகழும் பாலியல் கொடுமையைப் பிள்ளைகளுக்கு ஏற்ற மொழியில் பேசுகிறது. நாம் நாணி ஒதுக்கிய பொருள் அது. நாம் வாய்மூடியிருந்ததால் துன்புற்றது பிள்ளைகளே. 2023-இல் விருது பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', கீழடியின் பழமையைச் சிறுவன் ஒருவனின் அனுபவமாக்கிக் காட்டுகிறது.

நாம் செய்யத்தக்கது

பரிந்துரை என்பது நம் விருப்பத்தைப் பிள்ளைமேல் ஏற்றுவதன்று. வயதைக் கேட்போம், எதில் ஆசை என்று பிள்ளையிடமே கேட்போம். ஒரு கதை நூலோடு ஓர் அறிவு நூலையும் சேர்த்துக் கொடுப்போம். நாம் படிக்காத நூலைப் பரிந்துரைக்காதிருப்போம். பிடிக்காத நூலைப் பாதியில் மூடிவைக்கும் உரிமையையும் பிள்ளைக்கு அளிப்போம்.

பதினோராம் ஆண்டில் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் திங்கள்தோறும் ஒரு சிறுவர் நூலைப் படித்து, அது எவ்வயதினர்க்கு உரியதெனக் கூட்டத்தில் உரைக்க வேண்டுகிறேன். கவிதை எழுதும் நமக்கு நாளைய வாசகர் வேண்டுமெனில், அவர்களுக்கு இன்று உரிய நூலைத் தேடித் தருவது நம் கடன். அந்தச் சிறுமிக்கு நான் இன்னும் ஒரு நூல் கடன்பட்டிருக்கிறேன்.