அடி அண்ணாமலை: கிரிவலப் பயணமும் வழிகாட்டும் மரபும்

அடி அண்ணாமலை, திருவண்ணாமலை மலையின் மேற்குப் புறத்தில் கிரிவலப் பாதையில் அமைந்துள்ள சிற்றூர். ஆதி அண்ணாமலையார் கோயில் இங்கு உள்ளது. ஊர்ப்பெயர் மலையின் அடிவாரத்தைக் குறிக்கிறது; கோயிலின் பெயர் பழமையைக் குறிக்கிறது. பேச்சு வழக்கில் 'அடி', 'ஆதி' என்னும் இரு சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குகின்றன.

திருவண்ணாமலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் மலையின் கிழக்கு அடிவாரத்திலுள்ள அண்ணாமலையார் கோயிலை மையமாக வைத்தே பயணத்தைத் திட்டமிடுகின்றனர். அக்கோயில் வாசலிலிருந்து கிரிவலம் தொடங்குபவர் அடி அண்ணாமலையை அடையும்போது மொத்தமுள்ள ஏறத்தாழ 14 கிலோமீட்டரில் பாதியைக் கடந்திருப்பார். நகரம் மலைக்கு மறுபுறம் போயிருக்கும். காலில் களைப்பும் தொண்டையில் வறட்சியும் இருக்கும். புறப்படும்போது செய்த திட்டம் சரியா தவறா என்பது தெரியும் இடம் இது. மலையை எப்படிச் சுற்றவேண்டும், எப்போது சுற்றவேண்டும், எங்கே தங்கவேண்டும் என்று பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த அறிவுரைகள் இவ்வூரை ஒட்டித் தெளிவாகத் தெரிகின்றன.

கோயிலும் தொன்மங்களும்

ஆதி அண்ணாமலையார் கோயில் பெரிய கோயிலை விடப் பழமையானது என்பது மக்கள் நம்பிக்கை. தான் படைத்த திலோத்தமை மீது மோகம் கொண்ட பிரம்மன், அந்தப் பாவம் நீங்க இங்கு லிங்கத்தை நிறுவி வழிபட்டான் என்பது தலபுராண மரபு. கிரிவலப் பாதையின் எட்டுத் திசை லிங்கங்களில் மேற்கிலுள்ள வருண லிங்கத்துக்கும் வடமேற்கிலுள்ள வாயு லிங்கத்துக்கும் இடையே இக்கோயில் அமைந்துள்ளது.

அருகிலேயே மாணிக்கவாசகர் கோயில் உள்ளது. திருவாசகத்தின் திருவெம்பாவையை மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் பாடினார் என்பது சைவ மரபு. இவ்வூர்ப் பெண்கள் மார்கழி விடியலில் ஒருவரையொருவர் எழுப்பி நீராடச் சென்றதைக் கண்டு அவர் பாடியதாக உள்ளூரில் சொல்லப்படுகிறது. இருபது பாடல்கள் கொண்ட திருவெம்பாவை கடல் கடந்தும் சென்றது. தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் நடத்திவரும் 'திரியம்பாவை - திரிபாவை' விழாவின் பெயர் திருவெம்பாவை, திருப்பாவை ஆகியவற்றிலிருந்து வந்தது. பாங்காக்கில் அவ்விழாவின் பகுதியாக நடந்த பெரிய ஊஞ்சல் நிகழ்ச்சி 1930-களில் நின்றுபோனது. ஊஞ்சலின் செந்நிறத் தூண்கள் இன்றும் அந்நகரின் அடையாளமாக உள்ளன. கிரிவலம் வருபவர்களில் பலர் மாணிக்கவாசகர் கோயிலைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். மார்கழி மாதத்தில் வருபவர்கள் விடியலுக்கு முன் இங்கே வந்துசேரும்படி நடையைத் தொடங்குவது நல்லது.

பயண நூலாகத் தலபுராணம்

தலபுராணங்களைத் தொன்மக் கதைகளின் தொகுப்பாக மட்டும் வாசிப்பது வழக்கம். ஆனால் அவை தம் காலத்தின் பயணக் கையேடுகளும் கூட. எந்தத் தீர்த்தத்தில் குளிக்கலாம், எந்த நாளில் வரலாம், எந்த வரிசையில் எந்தச் சன்னிதியைக் காணவேண்டும் என்பவை அவற்றில் சொல்லப்பட்டன. வடமொழியில் அருணாசல மாகாத்மியமும், தமிழில் சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணமும் திருவண்ணாமலைக்கு அப்படி அமைந்தவை.

கிரிவலத்துக்கு மரபு வகுத்த விதிகள் எளியவை. மலை வலப்புறம் இருக்கும்படி நடக்கவேண்டும். பாதையின் இடப்பக்கமாகச் செல்லவேண்டும். மலையை ஒட்டிய உட்பக்கம் சித்தர்களும் தேவர்களும் வலம்வரும் வழி என்பது நம்பிக்கை. காலணி அணியக்கூடாது. நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல மெதுவாக, காலடி ஓசை கேட்காமல் நடக்கவேண்டும். இவற்றில் கடைசி விதிதான் இன்று அதிகம் மீறப்படுவது. பதினான்கு கிலோமீட்டரை எத்தனை மணிநேரத்தில் முடித்தோம் என்பதைச் சாதனையாகச் சொல்பவர்கள் கூடியுள்ளனர்.

மெதுவாக நடப்பதற்கு ஏற்பவே பழைய பாதை அமைந்திருந்தது. வழியெங்கும் மண்டபங்களும் குளங்களும் இருந்தன. மண்டபம் தங்குவதற்கும் சமைப்பதற்கும் மழைக்கு ஒதுங்குவதற்கும், குளம் குளிப்பதற்கும் குடிப்பதற்கும். பல மண்டபங்கள் இன்றும் பாதையோரம் நிற்கின்றன. அண்ணாமலையாரும் ஆண்டில் இருமுறை மலையை வலம்வருகிறார். கார்த்திகை தீபத்துக்குப் பின் ஒருமுறை. தை மாதம் உண்ணாமுலை அம்மனுடன் ஊடல் கொள்ளும் திருவூடல் விழாவை அடுத்து மறுமுறை. உற்சவர் வழியெங்கும் மண்டகப்படி ஏற்று, நின்று நின்று செல்கிறார். நிற்காமல் சுற்றிமுடிக்கும் கிரிவலம் இம்மரபில் இல்லை.

போர்க் காலம்

திருவண்ணாமலைக்கு வருவது எப்போதும் பாதுகாப்பான பயணமாக இருந்ததில்லை. 14-ம் நூற்றாண்டில் ஹொய்சாள மன்னர் மூன்றாம் வல்லாளர் இந்நகரைத் தன் தலைநகரங்களில் ஒன்றாகக் கொண்டிருந்தார். 18-ம் நூற்றாண்டில் பெரிய கோயிலின் மதில்கள் கோட்டைச் சுவர்களாகப் பயன்பட்டன. கர்நாடகப் போர்களில் கோயில் பலமுறை கைமாறியது. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒருபுறமும் கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையிலான ஆங்கிலப் படை மறுபுறமுமாக இங்கு போரிட்டனர். செங்கம் கணவாய் வழியாக மைசூரிலிருந்து சமவெளிக்கு இறங்கும் சாலை இந்நகரைத் தொட்டுச் செல்வதே இதற்குக் காரணம். இன்று பெங்களூரிலிருந்து வரும் பயணிகளின் பேருந்துகள் செல்வதும் அதே வழிதான்.

ரயிலும் ரமணரும்

19-ம் நூற்றாண்டின் இறுதியில் விழுப்புரம் - காட்பாடி ரயில்பாதை திருவண்ணாமலை வழியாக அமைந்தபின் பயணத்தின் கணக்கு மாறியது. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையிலிருந்து கிளம்பிய பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி எனப்பட்டவர், செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்துசேர்ந்தார். வழியைச் சரியாக அறியாததால் அவர் கொண்டுவந்த பணம் விழுப்புரத்தில் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. மாம்பழப்பட்டு வரை ரயிலிலும், அங்கிருந்து அறையணிநல்லூர், கீழூர் வழியாக நடந்தும், காதுக் கடுக்கனை அடகுவைத்துக் கிடைத்த பணத்தில் மீண்டும் ரயிலேறியும் அவர் வந்தார். திருவண்ணாமலைக்கு வந்தவர்களின் பயணங்களில் மிக விரிவாகப் பதிவானது இதுவே. அது திட்டமே இல்லாத பயணம் என்பது ஒரு வேடிக்கை.

ரமணர் பல ஆண்டுகள் அடியவர்களுடன் கிரிவலம் வந்தார். ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆகலாம். சில சமயம் இரண்டு, மூன்று நாட்களும் ஆகும். வழியில் தங்கிச் சமைத்து உண்டனர். அடி அண்ணாமலை அவர்கள் தங்கிச்சென்ற இடங்களில் ஒன்று. அருணாசல அட்சரமணமாலையின் சில பகுதிகள் கிரிவலத்தின்போது உருவானவை என்று ரமணரின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1922-ல் அவர் தாயார் மறைந்தபின் மலையின் தென்புறத்தில் ரமணாசிரமம் உருவானது. அவர் கிளம்பினால் அனைவரும் உடன்வரக் கிளம்பினர். ஆசிரமத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனது. 1926-ஐ ஒட்டி அவர் கிரிவலம் செல்வதை நிறுத்தினார். கூட்டம் பாதையின் இயல்பைக் குலைக்கும் என்பதற்கு இது முதல் அறிகுறி.

1931-ல் ரமணரைக் காணவந்த பால் பிரண்டன் 1934-ல் வெளியிட்ட பயண நூல் மேற்கு நாட்டினருக்குத் திருவண்ணாமலையை அறிமுகம் செய்தது. 1938-ல் சாமர்செட் மாம் வந்தார். 1944-ல் வெளியான அவரது 'தி ரேசர்ஸ் எட்ஜ்' நாவலில் வரும் இந்திய ஞானிக்கு ரமணர் தூண்டுதல் எனக் கருதப்படுகிறது. நவம்பர் இறுதி முதல் மார்ச் வரை வெளிநாட்டவர் தங்கிச் செல்லும் பழக்கம் இந்த மரபிலிருந்து வளர்ந்தது.

பௌர்ணமி

இன்று கிரிவலம் என்றால் பௌர்ணமி என்றே பொருள்கொள்ளப்படுகிறது. அருணாசல மாகாத்மியம் போன்ற நூல்களும் ரமணரும் கிரிவலத்தை ஒரு நாளுக்கு மட்டும் உரியதாக்கவில்லை. எந்த நாளிலும் வலம்வரலாம். கிழமைதோறும் தனிப் பலன் சொல்லும் மரபும் உண்டு. மின்விளக்கு இல்லாத காலத்தில் முழுநிலவு ஒளியில், வெயிலின் வாட்டமின்றி நடக்கமுடிந்தது பௌர்ணமியின் நடைமுறைப் பயனாக இருந்திருக்கவேண்டும். தெருவிளக்குகள் வந்தபின் அந்தத் தேவை நீங்கியது. நாள் மட்டும் நிலைத்துவிட்டது.

20-ம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பௌர்ணமிக் கூட்டம் பெருகியது. 1989 செப்டம்பர் 30 அன்று திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகரானது. சாலைகளும் பேருந்துகளும் கூடின. வார இதழ்களும் திரைத்துறையினரின் வருகையும் கிரிவலத்தைத் தமிழகம் முழுவதும் கொண்டுசென்றன. மாதந்தோறும் பௌர்ணமியன்று சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. சாலையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது எதிர்ப்பு எழுந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. வயல்களுக்கு நடுவே இருந்த அடி அண்ணாமலை இன்று வீட்டுமனைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் நடுவே உள்ளது.

இன்றைய பயணத்துக்கு

திருவண்ணாமலை சென்னையிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர், விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒரே நாளில் வந்து திரும்பமுடியும் என்பதாலேயே பலர் அப்படிச் செய்கின்றனர். பெரிய கோயிலில் தரிசனம், கிரிவலம், ரமணாசிரமம், விருபாட்ச குகை, கந்தாசிரமம் அனைத்தையும் ஒரு நாளில் அடக்க முயல்பவருக்கு அடி அண்ணாமலையில் உட்காரக்கூட நேரம் இராது. இரண்டு இரவுகள் தங்குவது பொருத்தம்: ஒரு நாள் கோயிலுக்கும் குகைகளுக்கும், மறுநாள் மலையைச் சுற்ற.

கிரிவலத்துக்கு நான்கு முதல் ஐந்து மணிநேரம் வேண்டும். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கூடுதலாக ஆகும். வெறுங்காலுடன் நடப்பதால் வெயில் முதல் தடை. மார்ச் முதல் ஜூன் வரை காலை பத்து மணிக்குப் பின் தார்ச்சாலையில் கால் வைப்பது கடினம். விடியலுக்கு முன் மூன்று அல்லது நான்கு மணிக்குக் கிளம்பினால் ஆதி அண்ணாமலையார் கோயிலை வெளிச்சம் வரும் வேளையில் அடையலாம். கோயில் நடை நண்பகலில் சாத்தப்படும் என்பதால் பிற்பகலில் இறங்குபவர் ஏமாற நேரும். மாலையில் கிளம்புபவர்கள் அடி அண்ணாமலையைக் கடக்கும்போது இருட்டிவிடும். மலையின் மேற்கு முகத்தைக் காணமுடியாது. நடக்க இயலாதவர்கள் ஆட்டோவில் சுற்றுவதுண்டு. அவர்கள் எட்டு லிங்கங்களில் மட்டும் நிறுத்தும் வழக்கமான சுற்றைத் தவிர்த்து, ஆதி அண்ணாமலையார் கோயிலிலும் மாணிக்கவாசகர் கோயிலிலும் நிறுத்தும்படி முன்பே பேசிக்கொள்ளவேண்டும். குபேர லிங்கத்துக்கு அப்பாலுள்ள இடுக்குப் பிள்ளையார் கோயிலின் குறுகிய வழியில் படுத்து ஊர்ந்துதான் வெளிவரமுடியும். உடல் பருத்தவர்களும் மூச்சுத்திணறல் உள்ளவர்களும் வெளியில் நின்று வணங்குவதே நல்லது.

கார்த்திகை தீபம் தனிக் கணக்கு. அன்று விடியலில் கோயிலில் பரணி தீபமும் மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபமும் ஏற்றப்படும். தீபம் பதினொரு நாட்கள் எரியும். முதல் நாள் மாலையில் நகருக்குள் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள், ஓரிரு நாள் கழித்து வந்து அதே தீபத்தைப் பாதையிலிருந்து அமைதியாகக் காணலாம். விழா வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால் மழைக்கு ஆயத்தமாக வரவேண்டும்.

மழை இங்கு வெறும் தொந்தரவு அல்ல. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மலைச்சரிவு பெயர்ந்து, அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தனர். இரண்டு வாரங்களுக்குள் வந்த தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மலையேறுவது புண்ணியம் என்று வாதிட்டவர்களும் இருந்தனர். கிரிவல மரபு மலையைச் சுற்றவே சொல்கிறது; உச்சியை இறைவனின் திருமேனியாகக் கருதி ஏறாமல் இருப்பதும் பழைய வழக்கம். மலைச்சரிவுகளும் பாதைக்கு உள்ளே செல்லும் காட்டுத்தடமும் வனத்துறையின் பொறுப்பில் உள்ளன. அனுமதியின்றி அங்கு நுழையக்கூடாது. கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் வருபவர்கள் அடிவாரத்தை ஒட்டிய விடுதிகளைத் தவிர்த்து நகரின் சமவெளிப் பகுதியில் தங்கவேண்டும். கிரிவலத்தை மறுநாளுக்குத் தள்ளிவைக்கலாம்.

பௌர்ணமி அல்லாத ஒரு வாரநாள் காலையில் ஆதி அண்ணாமலையார் கோயிலில் சிலரே இருப்பார்கள். கோயிலுக்கு வெளியே தேநீர்க் கடைகள் உண்டு. அங்கிருந்து வாயு லிங்கம் நடந்துசெல்லும் தொலைவில் உள்ளது.