மண்டையோட்டைக் கடந்த ஒளி

மூளைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்கிறதா என்பதை மண்டையோட்டைத் திறக்காமலே ஒளியால் அறியலாம் என்று 1977இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் ஃபிரான்ஸ் யோப்சிஸ். மாட்டின் தோள்பட்டை எலும்பை வெளிச்சத்தில் பிடித்தபோது சிவப்பு ஒளி அதனூடே வந்ததைக் கண்டுதான் அவருக்கு இந்த எண்ணம் எழுந்தது. சிவப்பே எலும்பைக் கடக்கிறது என்றால், அதை அடுத்த அகச்சிவப்பு இன்னும் எளிதாகக் கடக்குமே! அந்த ஒளியை ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபின் ஒரு விதமாகவும், ஆக்சிஜனை இழந்தது வேறு விதமாகவும் உறிஞ்சும். வெளியே வரும் ஒளியை அளந்தால் இரண்டின் விகிதம் கிடைத்துவிடும்.

இந்த முறைக்கு வாகாக அமைந்தது பச்சிளங்குழந்தையின் தலை. சிறியது, ஓடும் மெல்லியது. 1980களின் நடுவில் டியூக்கிலும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜிலும் நோயுற்ற குழந்தைகளிடம் இது சோதிக்கப்பட்டது. பின்னர் கருவி, நெற்றியில் ஒட்டும் பட்டையாகச் சுருங்கி இதய அறுவைக்கூடங்களில் இடம்பிடித்தது.

கடும் தொற்றால் உறுப்புகள் பழுதாகும் செப்சிஸ் நிலைக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களும் இதை நாடியதற்குக் காரணம் உண்டு. ரத்த அழுத்தம் சரியும் பிள்ளையின் விரல் சில்லிட்டுப்போகும். விரலில் மாட்டி, துடிப்பை நம்பி இயங்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் அப்போது தடுமாறும். நெற்றிப் பட்டைக்குத் துடிப்பு தேவையில்லை. பெரும்பாலும் சிரை ரத்தத்தையே அது படிப்பதால், மூளை எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும். மிச்சத்தைப் பார்த்துச் சிகிச்சை தரும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் ஆக்சிஜன் 70 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் செப்சிஸ் குழந்தைகளின் இறப்பு குறைகிறது என்று பிரேசிலில் நடந்த ஆய்வொன்று 2008இல் காட்டியது. ஆனால் அதற்குப் பெரிய சிரையில் குழாய் செருக வேண்டும். பட்டையை ஒட்ட ஒரு நிமிடம் போதும்.

சிக்கல் எண்ணைப் படிப்பதில்தான். செப்சிஸில் செல்களே ஆக்சிஜனைப் பயன்படுத்தத் திணறலாம். அப்போது மிச்சம் கூடுதலாக இருக்கும், திரையும் நல்ல எண்ணைக் காட்டும். அது நலத்தின் அடையாளம் அல்ல. கருவிக்குக் கருவி அளவும் மாறுவதால், ஒற்றை எண்ணைவிட அதே பிள்ளையிடம் மணிக்கு மணி நேரும் ஏற்ற இறக்கத்தைத்தான் நம்ப முடியும்.

எண்ணைச் சரிசெய்தால் பிள்ளை பிழைக்குமா என்பது வேறு கேள்வி. செப்சிஸ் அல்லாத இன்னொரு களத்தில் அதற்குப் பெரிய சோதனை நடந்தது. 28 வாரத்துக்கு முன் பிறந்த 1,601 குழந்தைகளைக் கொண்ட ‘சேஃப்பூஸ்க்-3’ ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. மூளை ஆக்சிஜனைப் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களிடம் இறப்போ கடும் மூளைச் சேதமோ குறையவில்லை.