டான் டோக் செங் கட்டிய மருத்துவமனை

உடம்புக்கு முடியாமல் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படும்போது, கையில் காசில்லையே என்ற கவலை நம் வீடுகளில் எத்தனையோ முறை எழுந்ததுண்டு. சிங்கப்பூரின் தொடக்க நாள்களில் இக்கவலை இன்னும் கொடியது. சீனாவிலிருந்து பிழைக்க வந்த கூலிகள் பலர், நோயுற்றதும் வேலையிழந்து தெருவோரத்தில் கிடந்தனர். நம் முன்னோரும் கப்பலேறி வந்தவர்களே. இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இவர்களுக்காக இருந்த ஏழையர் மருத்துவ விடுதிக்குப் பன்றி இறைச்சி வரியிலிருந்து பணம் வந்தது. 1837-இல் அவ்வரி நீக்கப்பட்டது. வரி நின்றதும் பணமும் நின்றது.

அப்போது முன்வந்தவர் டான் டோக் செங். 1798-இல் மலாக்காவில் பிறந்து, 1819-இல் சிங்கப்பூர் வந்து, காய்கறியும் பழமும் கோழியும் விற்றவர். வணிகத்தில் உயர்ந்தபின், நாதியற்று இறந்த சீனர்களின் அடக்கச் செலவை ஏற்றார். செத்தபின் பெட்டி வாங்குவதைவிட, உயிரோடிருக்கையில் மருந்து தருவது மேலல்லவா? 1844-இல் ஏழையர் மருத்துவமனைக்கென 7,000 டாலர் கொடுத்தார். அவ்வாண்டு ஜூலை 25-ஆம் நாள் பேர்ல்ஸ் ஹில் குன்றில் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆனால், கட்டடம் எழுப்புவது ஒன்று; நோயாளிக்கு நாள்தோறும் சோறும் மருந்தும் கொடுப்பது வேறொன்று. 1847-இல் கட்டி முடிந்தும், நோயாளிகள் அங்கே சேர்ந்தது 1849-இல்தான். மறு ஆண்டே டான் டோக் செங் மறைந்தார். மகன் டான் கிம் சிங் விரிவாக்கத்துக்குப் பணம் தந்தார். பெண்கள் பிரிவுக்கான செலவை மனைவியார் ஏற்றார். குன்றைவிட்டு இடம் மாறிய அம்மருத்துவமனை 1909-இல் மூல்மேன் சாலைக்கு வந்தது. அந்த வட்டாரத்தில் அவர் பெயரோடு இன்றும் நடக்கிறது.