பச்சை இறைச்சி உணவுமுறை (நாய்கள்)

பச்சை இறைச்சி உணவுமுறை என்பது வளர்ப்பு நாய்களுக்குச் சமைக்காத இறைச்சி, எலும்பு, ஈரல் முதலிய உள்ளுறுப்புகள் ஆகியவற்றை முதன்மை உணவாகக் கொடுக்கும் முறை ஆகும். இம்முறை நாயின் உடல்நலத்தைப் பற்றிய விவாதமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆயினும், இதில் உள்ள இடர்களில் கணிசமான பங்கு நாயை வளர்க்கும் வீட்டாரைச் சார்ந்தது.

வரலாறு

1860-களில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் லண்டனில் நாய் பிஸ்கட்டுகளை விற்கத் தொடங்கும் வரை, நாய்களுக்கெனத் தனி உணவு கடைகளில் பரவலாகக் கிடைக்கவில்லை. வீட்டு மிச்சமும் இறைச்சிக் கழிவுமே அவற்றின் உணவாக இருந்தன. பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்கும் பந்தய நாய்களுக்கும் பச்சை இறைச்சி கொடுக்கும் வழக்கம் பின்னரும் தொடர்ந்தது. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் எழுதிய நூல் இவ்வழக்கத்தை வீட்டு நாய்களுக்கும் உரிய ஒரு கொள்கையாக மாற்றியது.

ஓநாய் வாதம்

நாய் ஓநாயின் வழிவந்தது, எனவே ஓநாயின் உணவே அதற்கும் ஏற்றது என்பது ஆதரவாளர்களின் அடிப்படை வாதம். 2013-இல் வெளியான மரபணு ஆய்வொன்று இதைப் பெரிதும் தளர்த்தியது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமிலேசு நொதிக்கான மரபணு ஓநாயில் 2 படிகளாகவும், நாய்களில் 4 முதல் 30 படிகள் வரையும் இருப்பது அதில் தெரியவந்தது. மனிதர்களுடன் வாழ்ந்த காலத்தில் நாயின் உடல் தானிய உணவுக்கும் பழகிவிட்டது. எனினும் டிங்கோ, சைபீரியன் ஹஸ்கி போன்றவற்றில் இப்படிகள் குறைவு. எல்லா நாய்களுக்கும் பொதுவான விடை இதில் இல்லை.

சத்துச் சமநிலை

எலும்பு நீக்கிய இறைச்சி மட்டும் முழுமையான உணவு ஆகாது. அதில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் உள்ளது. நாயின் உணவில் இவை ஏறத்தாழச் சம அளவில், அல்லது கால்சியம் சற்றுக் கூடுதலாக இருத்தல் வேண்டும். வெறும் இறைச்சியில் வளரும் குட்டியின் உடல், குறையும் கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எலும்புகள் மென்மையாகி எளிதில் முறிகின்றன. ஈரலை மிகுதியாகக் கொடுத்தால் உயிர்ச்சத்து ஏ அளவு மீறும். சமைத்த எலும்பு கூர்மையாகச் சிதறும் என்பது பலரும் அறிந்தது. பச்சை எலும்பும் பல்லை உடைக்கவோ குடலை அடைக்கவோ கூடும்.

நுண்ணுயிரிகள்

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், விற்பனையில் இருந்த 196 பச்சை உணவு மாதிரிகளில் 15-இல் சால்மோனெல்லாவும் 32-இல் லிஸ்டீரியாவும் காணப்பட்டன. நெதர்லாந்தில் 2018-இல் வெளியான ஆய்வில், 35 உறைந்த உணவுகளில் 28-இல் பல எதிர்ப்புயிரிகளுக்கு அடங்காத ஈ. கோலை வகைகள் இருந்தன.

நாயின் இரைப்பை அமிலம் கிருமிகளைக் கொன்றுவிடும் எனச் சொல்லப்படுவதுண்டு. உண்மையில், நோய்க்குறி ஏதும் இல்லாத நாயும் சால்மோனெல்லாவைத் தன் மலத்தில் வெளியேற்றும். நாய் நலமாக இருப்பதைக் கொண்டு உணவு தூய்மையானது என முடிவுசெய்ய இயலாது. சிறு குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோர் இதனால் எளிதில் பாதிக்கப்படுவர். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இல் இம்முறைக்கு எதிரான நிலைப்பாட்டை எடுத்தது.

நியூசிலாந்தின் பட்டறிவு

எக்கைனோகாக்கஸ் கிரானுலோசஸ் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நாடாப்புழு. இது நாயின் குடலில் வாழ்கிறது. நாய்க்குப் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் புல்லின் வழியே ஆட்டை அடைந்து, அதன் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளாகின்றன. அவ்வுறுப்பைப் பச்சையாகத் தின்னும் நாயில் புழு மீண்டும் வளர்கிறது. அதே முட்டை நாயைத் தடவிய கை வழியாக மனிதர் வாயை அடைந்தால், அவருடைய ஈரலிலும் கட்டி உண்டாகிப் பல ஆண்டுகள் சத்தமின்றிப் பெருக்கும். பலருக்கு அறுவை மருத்துவம் தேவைப்படும்.

ஆடு வளர்ப்பு மிகுந்த நியூசிலாந்தில் இந்நோய் பரவலாக இருந்தது. 1959-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நாய்கள் குறித்த இடங்களுக்குக் கொண்டுவரப்பட்டு, அரிகோலின் என்னும் பேதி மருந்து கொடுத்துச் சோதிக்கப்பட்டன (நம் வெற்றிலைப் பாக்கில் உள்ள அதே வேதிப்பொருள்தான் இது). பச்சை உள்ளுறுப்புகளை நாய்களுக்குக் கொடுப்பதும் தடுக்கப்பட்டது. நோய் நீங்கியதாகத் தற்காலிக அறிவிப்பு வெளியானது 2002-இல்தான். அதன் பின்னரும் உள்ளுறுப்புகளை 30 நிமிடமாவது கொதிக்க வைத்த பின்னரே நாய்க்குக் கொடுக்கலாம் என்னும் விதி தொடர்ந்தது.

உறைய வைத்தலும் கையாளுதலும்

உறைய வைத்தால் எல்லாக் கிருமிகளும் அழியும் என்பது பரவலான தவறான கருத்து. ஆட்டிறைச்சியில் உள்ள நாடாப்புழுக் கட்டிகளை அழிக்க -10 பாகை செல்சியசில் குறைந்தது 10 நாட்கள் வைக்குமாறு நியூசிலாந்தில் அறிவுறுத்தப்படுகிறது. ஒட்டுண்ணிகளுக்கு இது பொருந்தும். சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களோ உறைநிலையில் உயிரோடு உறங்கி, இறைச்சி இளகியதும் மீண்டும் பெருகுகின்றன. பறவைக் காய்ச்சல் தீநுண்மியும் உறைநிலையைத் தாங்கும். 2024 இறுதியில் அமெரிக்காவில் உறைந்த வான்கோழி உணவைத் தின்ற பூனை ஒன்று இந்நோயால் இறந்தது. நாய்க்குப் பச்சைப் பன்றி இறைச்சி வேறொரு காரணத்தாலும் தவிர்க்கப்படுகிறது: அதன்வழி தொற்றக்கூடிய ஆஜெஸ்கி நோய் நாய்களைக் கொல்லும்.

இவற்றை அறிந்தும் பச்சையாகக் கொடுப்போர், மனிதர் உண்ணத் தகுந்த இறைச்சியையே வாங்க வேண்டும். குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்தே இளகச் செய்ய வேண்டும். வெட்டும் பலகை, கத்தி, தட்டு ஆகியன தனியாக இருத்தல் நன்று. எஞ்சியதை உடனே அகற்றி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். நாய் குழந்தைகளின் முகத்தை நக்க விடுவதும் மலத்தை முற்றத்தில் கிடக்க விடுவதும் கூடாது. குட்டிகளுக்கான உணவுக் கலவையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே அமைத்தல் வேண்டும். அதே இறைச்சியை நன்கு வேகவைத்து, எலும்பை நீக்கி, கால்சியம் சேர்த்துக் கொடுப்பது கிருமித் தொல்லையைப் பெருமளவு நீக்கும். நாய்கள் அதையும் விரும்பித் தின்னும்.