மின்கிற்றாரின் இரைச்சல்: காரணங்களும் தீர்வுகளும், துண்டிக்கக்கூடாத ஒரு கம்பியும்

மின்கிற்றாரை அம்பிளிபயரில் இணைத்து ஒலியைக் கூட்டினால், ஒரு தந்தியைக்கூட மீட்டாத நிலையிலேயே இரைச்சல் கேட்கத் தொடங்கும். கோயில் திருவிழா மேடையிலும் தேவாலயப் பாடகர் குழாமிலும் வீட்டு அறையிலும் கிற்றார் வாசிப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. பலர் உடனே கிற்றாரைக் குறை சொல்வார்கள். ஆனால் இரைச்சலில் பல வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணமும் தீர்வும் வேறு.

இரைச்சல் எப்படி வருகிறது?

தந்திகளுக்குக் கீழேயுள்ள 'பிக்கப்' என்பது, காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சிறிய மின்சைகை உண்டாகிறது. அதே சுருள், சுற்றியுள்ள மின்கம்பிகளினதும் மின்மாற்றிகளினதும் காந்தப்புலத்தையும் பிடித்துக்கொள்கிறது. இலங்கையின் மின்வழங்கல் 50 ஹேர்ட்ஸ் என்பதால், அது தாழ்ந்த 'ம்ம்ம்' என்ற முனகலாக ஒலிக்கிறது.

இதற்குத் தீர்வாகவே கிப்சன் நிறுவனப் பொறியியலாளர் சேத் லவர், 'ஹம்பக்கர்' என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கி 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு சுருள்களின் சுற்றும் திசையும் காந்த முனைகளும் எதிரெதிரானவை. அதனால் தந்தியின் சைகை ஒன்றுசேர, வெளியிலிருந்து வரும் முனகல் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. ஒற்றைச் சுருள் கிற்றாரில் ஓரளவு முனகல் இருப்பது கோளாறல்ல.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

அம்பிளிபயரிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். இரைச்சல் தொடர்ந்தால் காரணம் அம்பிளிபயரில் அல்லது மின்வழங்கலில் இருக்கிறது. நின்றுவிட்டால், வேறொரு நல்ல கேபிளால் கிற்றாரை இணைத்துப் பாருங்கள். பல வேளைகளில் குற்றவாளி கேபிள்தான். பெடல்கள் இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து, சத்தத்தைக் கவனியுங்கள்.

கிற்றாரைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்பும்போது முனகல் கூடிக் குறைந்தால், பிக்கப் வெளியிலுள்ள காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. அம்பிளிபயரிலிருந்தும் சார்ஜர்களிலிருந்தும் விலகி நில்லுங்கள். ரியூப் லைட்டையும், மின்குமிழின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சுவிச்சையும் நிறுத்திப் பாருங்கள்.

ஒலியளவுக் குமிழைத் திருகும்போது மட்டும் 'கரகர' என்றால், உள்ளே தூசும் துருவும் படிந்திருக்கின்றன. உப்புக்காற்றும் ஈரப்பதனும் உள்ள கரையோரப் பகுதிகளில் இது விரைவில் நேரும். மின் இணைப்புகளைத் துப்புரவாக்கும் திரவத்தைச் சிறிதளவு விசிறி, குமிழைப் பலமுறை திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேபிளை அசைக்கும்போது 'பட் பட்' என்று கேட்டால், ஜாக்கின் நட்டு தளர்ந்திருக்கலாம். அல்லது உள்ளே ஈயப்பற்று விட்டிருக்கலாம்.

தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது இயல்பு. தந்திகள் கேபிளின் வழியாக எர்த்துடன் இணைந்திருப்பதே அதற்குக் காரணம். தொட்டதும் கூடினால் ஜாக்கில் கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்டிருக்கக்கூடும்.

மடிக்கணினியை அல்லது மிக்சரை இணைத்ததும் முனகல் தொடங்கினால், அவை வேறு வேறு பாதைகளில் எர்த்தாகி ஒரு வளையத்தை உண்டாக்குகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பிளக் பொயின்ற்றிலிருந்து மின்சாரம் எடுங்கள். மடிக்கணினியை பற்றரியில் இயக்கிப் பாருங்கள்.

'நொய்ஸ் கேற்' என்ற பெடல் வாசிக்காத நேரத்தில் இரைச்சலை மறைக்கும், காரணத்தை நீக்காது.

எர்த் கம்பியில் கைவைக்காதீர்கள்

இந்த எர்த் வளையத்தை உடைக்க ஆபத்தான ஒரு குறுக்குவழியும் புழக்கத்தில் இருக்கிறது. பிளக்கின் எர்த் கம்பியை வெட்டிவிடுவது, அல்லது சுவர்த் துளையைப் பேனையால் திறந்து இரண்டு முனைப் பிளக்கைச் செருகுவது. முனகல் நின்றுவிடலாம். ஆனால் பாதுகாப்பும் அத்துடன் போய்விடும்.

கிற்றாரின் தந்திகள் கேபிள் வழியாக அம்பிளிபயரின் உலோகச் சட்டகத்துடன் இணைந்தவை. எர்த் இல்லாத அம்பிளிபயருக்குள் மின்கசிவு ஏற்பட்டால், 230 வோல்ற் தந்திவரை வந்துவிடும். எர்த் செய்யப்பட்ட வேறொரு சாதனத்துடன் இணைந்த ஒலிவாங்கியை உதடு தொட்டதும், உங்கள் உடலே மின்சாரத்தின் பாதையாகிவிடும்.

1972இல் வேல்ஸின் சுவான்சி நகர மேடையில், 'ஸ்ரோன் த குரோஸ்' குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியாக இல்லாத நிலையில் ஒலிவாங்கியைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். 1976இல் 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் முன்னாள் பாடகர் கீத் ரெல்ஃப், சரியாக எர்த் செய்யப்படாத மின்கிற்றாரை வீட்டில் வாசித்தபோது இறந்தார்.

எனவே எர்த் வளையத்தால் வரும் முனகலுக்கு, 'டிஐ பொக்ஸ்' எனப்படும் சிறு பெட்டியிலுள்ள எர்த் விலக்கும் சுவிச்சைப் பயன்படுத்துங்கள். அது சைகைக் கேபிளின் இணைப்பை மட்டுமே விலக்கும். மின்வழங்கலின் எர்த்தைத் தொடாது. மின்பிறப்பாக்கியில் இயங்கும் மேடையானால், அதற்கு முறையான எர்த் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். ட்ரிப் சுவிச்சை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வால்வு அம்பிளிபயரை நீங்களே திறக்காதீர்கள். நிறுத்திய பின்பும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ற் தேங்கியிருக்கலாம்.

ஒலிவாங்கியிலோ தந்தியிலோ சிறு 'சுரீர்' உணர்ந்தால் வாசிப்பை உடனே நிறுத்துங்கள். பிரதான சுவிச்சை நிறுத்தி, மின்னியலாளர் ஒருவர் பார்த்த பின்பே மீண்டும் தொடங்குங்கள். நிகழ்ச்சி அரை மணிநேரம் தாமதமானால் இரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.