பச்சை குத்திய கையும் சிலுவையும்

நாவலப்பிட்டியிலிருந்து ஹற்றனை நோக்கி ஏறும் புகையிரதம் வற்றவளையைக் கடந்து றொசல்லவை அடைகிறது. அம்மலைச் சரிவுகளில் கொழுந்து கொய்த முந்தைய தலைமுறைப் பெண்கள் பலரின் முன்கைகளில் கோலமும் தேளும் பச்சையாய்ப் படிந்திருந்தன. திருச்சி, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து வந்தோர் கொணர்ந்த உடைமைகளுள், கங்காணியின் கடனுக்கு ஈடாகாதது அஃதொன்றே. இறந்த பின்னும் உடன்வரும் நகை பச்சையே என்பது அவர்தம் நம்பிக்கை.

அதனைக் குத்துபவள் குறத்தி. மஞ்சட்பொடியையும் அகத்தியிலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, புதுச்சட்டியில் படியும் கரியை அவள் எடுப்பாள். நோவு தெரியாதிருக்கப் பாடிக்கொண்டே குத்துவாள். இவற்றைத் தேர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1906 இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்துள்ளார்.

அங்கிலிக்கன் சபையார் 1854 இல் தோட்டத் தமிழரிடையே ஊழியம் தொடங்கினர். பச்சை குத்திய கையோடு ஒருத்தி ஞானஸ்நானம் பெறலாமா? பெற்றபின் தன் மகளுக்கும் குத்துவிக்கலாமா? இவ்விரு வினாக்களும் ஒன்றல்ல.

கூடாது என்போர் காட்டுவது லேவியராகமம் 19 ஆம் அதிகாரத்தின் 28 ஆம் வசனம். இறந்தோருக்காக உடலைக் கீறுவதையும், மேனியில் குறிகள் பொறிப்பதையும் அது விலக்குகிறது. அதற்கு முந்திய வசனமோ தாடியின் ஓரங்களைக் கத்தரிப்பதையும் விலக்குகிறது! நாவிதரிடம் செல்லும் கிறிஸ்தவர் எவரும் அதனை எண்ணி வருந்துவதாகத் தெரியவில்லை.

உரோம ஆட்சியில் குறி என்பது தண்டனை. மூன்றாம் நூற்றாண்டில் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்ட கிறிஸ்தவர்களின் நெற்றியிலும் அது பொறிக்கப்பட்டது. கொன்ஸ்தந்தீன் பேரரசன், விண்ணக அழகின் சாயலில் அமைந்தது முகம் என்று கூறி, குற்றவாளிகளின் முகத்தில் குறியிடுவதைத் தடுத்தான். கையிலும் காலிலும் இடுவதை அச்சட்டம் தடுக்கவில்லை என்பது கருதத்தக்கது. பின்னர், மணிக்கட்டில் சிலுவையையோ கிறிஸ்துவின் பெயரையோ பலர் தாமே விரும்பிப் பொறித்துக்கொண்டதைக் காசா நகரத்துப் புரொக்கோப்பியுஸ் குறித்துள்ளார். அடிமைக்குறி அன்புக்குறியாயிற்று. எகிப்தின் கொப்திக் கிறிஸ்தவர் மணிக்கட்டில் இன்றும் அச்சிலுவையைக் காணலாம். 1862 இல் எருசலேமுக்குச் சென்ற இங்கிலாந்து இளவரசரும் கையில் சிலுவை குத்திக்கொண்டார். பின்னாளில் இலங்கை நாணயங்களில் தலை பொறிக்கப்பட்ட ஏழாம் எட்வேட் மன்னர் அவரே.

787 இல் இங்கிலாந்தின் நொர்தம்பிரியாவில் கூடிய திருச்சபைச் சங்கம் இதனைத் தெளிவாகவே பிரித்துரைத்தது. பிற சமயப் பழக்கத்தின்படி குத்துவது பயனற்றது. கடவுளுக்காக அந்நோவைத் தாங்குவோர் பலன் பெறுவர் என்றது. அப்பிரிவினையுள்ளும் நம் முன்கைக் கோலம் அடங்குவதில்லை. அது எத்தெய்வத்துக்கும் நேர்ந்ததன்று. வாசலில் இடும் கோலம் போன்ற அழகே. தெய்வ உருவைக் குத்தியிருப்பின் வழக்கு வேறு. எனினும், ஞானஸ்நானத்துக்கு முன் குத்தியதை ஒருத்தி மேல் குற்றமாகச் சுமத்துவதற்கு நியாயமில்லை.

மகளைப் பற்றிய வினாவே கடினமானது. தன் விருப்பத்தைச் சொல்லவும் அறியாத சிறுமியின் கை அது, நோவும் அவளுடையது. ஒரே ஊசிக்கட்டு பலர் தோலில் இறங்குமாயின், இரத்தத்தின் வழியே ஈரலழற்சி முதலிய நோய்கள் பரவும் என்பதும் இன்று அறிந்ததே. லேவியராகமத்தைத் திறக்குமுன் தாய் எண்ண வேண்டியவை இவை.