சுவருக்குள் போன ஜன்னல்

லண்டனின் பழைய வரிசை வீட்டுக்கு வயது கணிக்க, கதவைவிட ஜன்னல் நிலையே நல்ல சாட்சி. அது சுவரின் முகத்தோடு ஒட்டி நிற்கிறதா, உள்ளே தள்ளி நிற்கிறதா என்று பார்த்தால் போதும், காலம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

1666 செப்டம்பரில் லண்டனில் மூண்ட பெருந்தீயில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. மறு ஆண்டே வந்த சட்டம் வெளிச்சுவர் செங்கல்லாகவோ கல்லாகவோ இருக்க வேண்டும் என்றது. வீடுகளை நான்கு வகையாகப் பிரித்து, மாடிகளின் எண்ணிக்கையையும் சுவரின் கனத்தையும் வரையறுத்தது. நிக்கோலஸ் பார்பன் போன்ற கட்டட வணிகர்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, குறுகிய முகப்பும் பொதுச்சுவருமாக வரிசை வரிசையாகக் கட்டினார்கள்.

அந்த வீடுகளுக்கு 1670-களையொட்டி மேலும் கீழும் நகரும் ஜன்னல் வந்து சேர்ந்தது. கப்பியில் கயிறு, கயிற்றின் நுனியில் எடைக்குண்டு, இரண்டையும் மூடி மறைக்கத் தடித்த மரப்பெட்டி. இந்தப் பெட்டி செங்கல்லின் முகத்துக்குச் சமமாக, தெருவைப் பார்த்தபடி நின்றது. ஒரு ஜன்னலில் பற்றிய தீ அடுத்த ஜன்னலுக்குத் தாவ அதுவே வழி. அதனால் 1709-இல் நடைமுறைக்கு வந்த விதி நிலையை 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. 1774-ஆம் ஆண்டுச் சட்டம் பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. வெளியே மெல்லிய மரவிளிம்பு மட்டும் மிஞ்சியது. அந்தச் சட்டத்தை வரைந்த ராபர்ட் டெய்லரும் இளைய ஜார்ஜ் டான்ஸும் கட்டடக் கலைஞர்கள்.

தீக்கு அஞ்சி எழுதிய விதிதான் ஜார்ஜ் மன்னர்கள் காலத்து ஜார்ஜியத் தெருவுக்கு அழகைக் கொடுத்தது என்பேன். உள்வாங்கிய ஜன்னல் ஒவ்வொன்றின் ஓரத்திலும் நிழல் விழுந்து, தட்டையான செங்கல் முகப்புக்கு ஆழம் கிடைத்தது. கண்ணாடிகளைப் பிரிக்கும் குறுக்குச் சட்டங்களும் காலப்போக்கில் விரல் கனத்துக்கு மெலிந்தன. ஒரே அச்சில் வார்த்த சலிப்பு என்று விக்டோரியர்கள் இத்தெருக்களை வெறுத்தார்கள்; லண்டனின் கவர் ஸ்ட்ரீட் கலை விமர்சகர் ரஸ்கினுக்கு அறவே பிடிக்கவில்லை. எனக்கு அந்த ஒழுங்குதான் பிடிக்கிறது.

1845-இல் கண்ணாடி வரி போனது, 1851-இல் ஜன்னல் வரியும் போனது. பெரிய கண்ணாடிகள் வந்தன, குறுக்குச் சட்டங்கள் குறைந்தன. கனத்த கண்ணாடியைத் தாங்க மூட்டுகளுக்கு வலு போதவில்லை. தச்சர்கள் மேல்கதவின் பக்கச் சட்டங்களைக் கொம்புபோல் கீழே சற்று நீட்டிவிட்டு மூட்டை வலுப்படுத்தினார்கள். கொம்புள்ள ஜன்னல் பெரும்பாலும் விக்டோரியா காலத்தது.

1894-இன் கட்டடச் சட்டம் பழைய கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் நிலை மறுபடி சுவர்முகத்துக்கு வந்தது. ஏழாம் எட்வர்டு காலத்து வரிசை வீடுகளில் அந்தத் தடித்த மரவேலைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, தெரியட்டும் என்றே விட்டார்கள்.